மலைக்கு ஏற்ற பக்கெட் எது? – டிராக்டர் பேக்கோவும் அதன் இணைப்புக் கருவிகளும்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களுக்குப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற மூன்று பெயர்களும் பழக்கமானவை. பெயரில் நாடு என்று இருந்தாலும் மூன்றும் ஊராட்சிகள்தான். வேலூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவான நிலம். சுற்றிலும் காப்புக்காடு.

இப்படிப்பட்ட ஊரில் எந்த வேலையை எடுத்தாலும் அது மண்ணில்தான் தொடங்கும். குடிநீர்க் குழாய் பதிக்கவா, தோண்ட வேண்டும். பண்ணைக் குட்டை வெட்டவா, தோண்ட வேண்டும். மழையில் அறுத்துக்கொண்டு போன பாதையைச் சரிசெய்ய வேண்டுமா, மண் அள்ளிப் போட வேண்டும். அதனால்தான் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், அல்லது கடன் கிடைத்ததும், டிராக்டரின் பின்னால் ஒரு பேக்கோ பூட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் மலையூர்களில் வருகிறது. தவறே இல்லை. நல்ல எண்ணம்தான்.

ஆனால் பேக்கோ என்பது வெறும் கை. அந்தக் கையின் நுனியில் எதை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது உழைக்கும் கையா, கடனை வளர்க்கும் கையா என்பது முடிவாகிறது. இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். ஒரு இணைப்புக் கருவியின் விலை ஒரு மலைக் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. அதைத் தப்பாக வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால் இது சின்ன விஷயம் இல்லை என்பது புரியும்.

முதல் பேக்கோ எதற்காக வந்தது?

மண் வாரும் மஞ்சள் வண்டி எல்லாமே தமிழ்நாட்டில் "ஜேசிபி"தான். செய்தித்தாளில் "பொக்லைன்". இரண்டுமே கம்பெனிப் பெயர்கள். பொக்லைன் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. ஜேசிபி, 1945-ல் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு இங்கிலாந்தில் தொடங்கியது. அவருடைய பெயரின் முதல் எழுத்துக்களே கம்பெனிப் பெயராகி, பிறகு தமிழில் இயந்திரத்தின் பெயராகவும் ஆகிவிட்டன! 

ஆனால் டிராக்டரில் பூட்டும் ஹைட்ராலிக் பேக்கோ அமெரிக்காவில் பிறந்தது. 1947-ல் வெய்ன்-ராய் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது. 1948-ல் ஒரு ஃபோர்டு டிராக்டரில் பூட்டி கனெக்டிகட் மாநிலத்தின் மின்சார நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. ஜேசிபியின் முதல் பேக்கோ 1953-ல்தான் வந்தது.

கவனிக்க வேண்டியது, முதல் பேக்கோவை வாங்கியவர் சுரங்கக்காரரோ பாறை உடைப்பவரோ அல்ல. மின்சார நிறுவனம். ஒடுக்கமாகப் பள்ளம் எடுப்பதும் சின்னச் சின்னக் குழிகள் எடுப்பதும்தான் அப்படிப்பட்ட நிறுவனத்தின் அன்றாட வேலை. டிராக்டர் பேக்கோவின் பலம் இன்றும் அதில்தான் இருக்கிறது. 7 டன்னுக்கு மேல் எடையுள்ள முழு பேக்கோ லோடர் செய்யும் வேலையை, 2 டன் சொச்சம் எடையுள்ள டிராக்டரிடம் எதிர்பார்ப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் டிராக்டரின் சக்தியைப் பார்க்க வேண்டும்

கருவி வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை எச்.பி. டிராக்டருக்குப் பொருந்தும்?" என்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில், எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்பதே அந்தக் கேள்வி.

இதற்கு எளிய கணக்கு உண்டு. லிட்டரையும் அழுத்தத்தையும் (பார் அளவில்) பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர், 150 பார் என்றால் 10 கிலோவாட். அதாவது சுமார் 13 குதிரைத் திறன்தான். டிராக்டரில் 50 எச்.பி. என்று எழுதியிருந்தாலும் கருவியின் நுனிக்குப் போவது அவ்வளவுதான். இதனால்தான் பேக்கோ பூட்டும்போது டிராக்டரின் சொந்த பம்பை நம்பாமல், பின்பக்க பி.டி.ஓ. தண்டில் தனி பம்ப் போடுகிறார்கள். அந்த பம்பின் அளவு தெரியாமல் கருவி வாங்குவது, சம்பளம் தெரியாமல் கடன் வாங்குவது போல.

இரண்டாவது, பேக்கோ எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது. மும்முனை இணைப்பில் மட்டும் தொங்கும் பேக்கோ மலிவு. ஆனால் தோண்டும் விசை முழுவதும் அந்த மூன்று புள்ளிகளில் விழுகிறது. இணைப்பு உடைந்தாலோ நழுவினாலோ பேக்கோ மேலெழும்பி, ஓட்டுபவரை டிராக்டரோடு வைத்து நசுக்கும் அபாயம் இருக்கிறது. டிராக்டரின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் துணைச் சட்டத்தில் பூட்டுவதே சரி. சரிவான நிலத்தில் இதில் சமரசமே கூடாது.

எதை வாங்கலாம்?

1. ஒடுக்கமான பக்கெட்

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது 30 செ.மீ. அகல பக்கெட். பேக்கோவுடன் பொதுவாக 60 செ.மீ. அளவிலான பக்கெட் வரும். அதுவே போதுமே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 100 மீட்டர் நீளத்துக்கு, 90 செ.மீ. ஆழத்தில் குழாய்ப் பள்ளம் எடுக்க வேண்டும். 60 செ.மீ. பக்கெட்டில் எடுத்தால் வெளியே வரும் மண் 54 கன மீட்டர். 30 செ.மீ. பக்கெட்டில் 27 கன மீட்டர். தேவைக்கு மேல் தோண்டிய பாதி மண்ணுக்கு டீசலும் கூலியும் கொடுத்து, அதைத் திரும்ப மூடவும் கூலி கொடுக்க வேண்டும்.

சமவெளியில் இது பண நஷ்டம் மட்டுமே. மலையில் இன்னொரு நஷ்டமும் சேர்கிறது. கிளறிப் போட்ட மண் எவ்வளவு அதிகமோ, அடுத்த மழையில் ஓடைக்குப் போகும் மண்ணும் அவ்வளவு அதிகம். ஒடுக்கமான பக்கெட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விசை குறைந்த பற்களில் குவிவதால் சரளை கலந்த இறுகிய மண்ணில் நன்றாக இறங்கும்.

2. ரிப்பர்

ஒற்றைப் பல் கொண்ட கொக்கி. அவ்வளவுதான் இதன் அமைப்பு. ஆயில் குழாய் வேண்டாம், கேஸ் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். பாதி சிதைந்து போன பாறை, இறுகிய சரளை, மரவேர் ஆகியவற்றை முதலில் ரிப்பரால் கீறிவிட்டு, பிறகு பக்கெட்டால் அள்ளலாம். பிரேக்கர் வேண்டும் என்று நினைக்கும் இடங்களில் கணிசமானவற்றுக்கு ரிப்பரே போதும். தேய்ந்தால் நுனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

3. பல் இல்லாத அகல பக்கெட்

வாய்க்கால் தூர் வார, குட்டை வண்டல் எடுக்க, சாலையோர வடிகாலைச் சீர் செய்ய இது உதவும். பல் இல்லாததால் கரையைக் கீறாமல் வழித்து எடுக்கும். மலைப்பாதை கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வண்டிகள் அல்ல, வடிகால் அடைத்து, தண்ணீர் பாதையின் மேல் ஓடுவதுதான். மழைக்கு முன் வடிகாலை வாரிவிட்டால் மழைக்குப் பின் பாதை மிஞ்சும். வருடத்தில் சில நாள்தான் இதற்கு வேலை. ஆனால் அந்தச் சில நாள் தவறினால் வருடம் முழுவதும் பாதை இருக்காது.

4. கல் பிடிக்கும் தம்ப்

பக்கெட்டுக்கு எதிரே மாட்டும் ஒரு இரும்பு விரல். பக்கெட்டும் அதுவும் சேர்ந்து கல்லைக் கவ்விப் பிடிக்கும். கடையில் இதை யாரும் முதலில் காட்டுவதில்லை. ஆனால் கல் நிறைந்த மலை நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி குறைவு. காட்டிலிருந்து கல்லைப் பொறுக்கி, சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு அடுக்கினால் இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது. நிலம் சுத்தமாகிறது. மண் அரிப்பும் நிற்கிறது. கையால் திருகி மாற்றும் சாதாரண தம்ப் போதும், ஹைட்ராலிக் தேவையில்லை.

5. குழி போடும் ஆகர்

மா, பலா, புளி, எலுமிச்சை என்று கன்றுகள் நிறைய நடுபவர்களுக்கும், வேலிக்கால் நடுபவர்களுக்கும் உதவும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பாறை தட்டும் இடத்தில் ஆகர் திணறும், துள்ளும். களிமண் ஈரமாக இருக்கும்போது போட்டால் குழியின் சுவர் மெழுகிய மாதிரி ஆகிவிடும். வேர் வெளியே போகத் திணறும். கடப்பாரையால் சுவரைக் கீறிவிட வேண்டும். வருடத்தில் சில வாரங்களே வேலை என்பதால் இது ஒருவர் வாங்குவதைவிட நான்கு ஊர் சேர்ந்து வாங்க வேண்டிய கருவி.

பிரேக்கர் மோகம்

டிராக்டர் பேக்கோ வாங்குகிறவர்கள் பலருக்கும் கனவுக் கருவி பிரேக்கர்தான். கருங்கல் பாறை நிறைந்த மலையில் இது இயல்பான ஆசை. ஆனால் மலைக்காரர் முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

காரணங்கள் தெளிவானவை. பிரேக்கருக்குத் தொடர்ந்து நிறைய ஆயில் ஓட்டம் வேண்டும். சின்ன பம்பில் ஓட்டினால் ஆயில் சூடேறும், சீல் போகும். ஒரே இடத்தில் 15 முதல் 30 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. பாறையில் ஊன்றாமல் வெறுமனே அடிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் நைட்ரஜன் கேஸ் குறைந்தால் நிரப்ப மலையிறங்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் பூம், பின், புஷ் வழியாக டிராக்டரின் உடம்புக்கே வருகிறது. டிராக்டர் உழுவதற்காகச் செய்யப்பட்டது, பாறை உடைப்பதற்காக அல்ல.

வணிகவியல் பாடத்தில் வரும் ஒரு எளிய கணக்கு இங்கே உதவும். புரிவதற்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்ளலாம், இவை சந்தை விலை அல்ல. பிரேக்கர் விலை 2,00,000 ரூபாய். 5 வருடம் கழித்து 50,000-க்கு விற்கலாம். அப்படியானால் வருடத் தேய்மானம் 30,000. வட்டி 12 சதவீதம் என்றால் 24,000. பராமரிப்பு 20,000. மொத்தம் வருடத்துக்கு 74,000 ரூபாய். வருடம் 300 மணி நேரம் வேலை இருந்தால் மணிக்குச் சுமார் 247 ரூபாய் செலவு. ஆனால் 60 மணி நேரம்தான் வேலை இருந்தால்? மணிக்கு 1,233 ரூபாய்! டீசலும் ஆப்பரேட்டர் கூலியும் இதில் சேரவில்லை.

அதே முறையில் ஒடுக்கமான பக்கெட்டின் விலையை 40,000 என்று வைத்து, தேய்மானம் 7,000, வட்டி 4,800, பல் மாற்றும் செலவு 6,200 என்று போட்டால் வருடத்துக்கு 18,000 ரூபாய். 300 மணி நேரத்துக்கு மணிக்கு 60 ரூபாய். விலையைப் பார்த்துக் கருவியை மதிப்பிடுபவர் ஏமாறுவார். வருடத்தில் எத்தனை மணி நேரம் அது தரையைத் தொடும் என்று பார்ப்பவர் தப்பிப்பார்.

பாறை வந்தால் என்ன செய்வது? அந்த ஒரு வாரத்துக்குப் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை மண் தள்ளும், மண் அள்ளும் இயந்திரங்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. முடிந்தால் குழாயையோ பாதையையோ பாறையைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகலாம். அது தோல்வி அல்ல, சிக்கனம்.

சரிவு மன்னிக்காது

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு சரிவுக்கும் இயந்திரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சரிவின் அடிக்காலை வெட்டினால் மேலே இருக்கும் மண் பிடிமானம் இழக்கும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நீலகிரி மாவட்டத்தில் அனுமதியில்லாமல் பொக்லைன் ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இதனால்தான் வந்தது.

எனவே கருவித் தேர்வு என்பது பாதுகாப்புத் தேர்வும்கூட. கனமான கருவி பூமின் நுனியில் தொங்கினால், அதே டிராக்டர் தூக்கக்கூடிய மண்ணின் எடை குறைகிறது. கவிழும் வாய்ப்பு கூடுகிறது. சரிவில் நிற்கும்போது மண்ணை மேட்டுப் பக்கம் கொட்ட வேண்டும், பள்ளத்துப் பக்கம் பூமை முழுக்க நீட்டித் திருப்பக் கூடாது. கொட்டிய மண் பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். கருவியைச் சட்டென்று மாற்ற உதவும் குயிக் ஹிட்ச் வசதியானதுதான். ஆனால் பூட்டு முழுதாக விழாமல் பக்கெட் கழன்று கீழே நின்றவர் மேல் விழுந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பூட்டியதும் பக்கெட்டைத் தரையில் அழுத்திப் பார்த்து, பாதுகாப்பு பின்னைக் கண்ணால் பார்த்த பிறகே தூக்க வேண்டும்.

இயந்திரத்துக்கு முன் கிராம சபை

2023 மே மாதம், இதே ஜவ்வாது மலைத்தொடரில், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் குழந்தையின் உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். தமிழ்நாடே அந்தச் செய்தியைப் பார்த்தது. மலையில் மண் வெட்டவே கூடாது என்று சொல்பவர்கள் அந்தத் தாயிடம் என்ன பதில் சொல்வார்கள்? பாதை வேண்டும். குழாய் வேண்டும். குட்டை வேண்டும். எப்படி வெட்டுவது, யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), சாலை, குடிநீர்க் குழாய், குட்டை, சிறு பாசன வாய்க்கால், பள்ளி, அங்கன்வாடி உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த இடம் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமை, கிராம சபையின் பரிந்துரை ஆகியவை நிபந்தனைகள். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு மேலே சொன்ன கருவிகளைப் பார்த்தால் ஒரு பொருத்தம் தெரியும். குழாய்க்கு ஒடுக்கமான பக்கெட், குட்டைக்கும் வாய்க்காலுக்கும் அகல பக்கெட், பாதைக்கு ரிப்பரும் தம்பும். ஊருக்குத் தேவைப்படும் வேலையில் பெரும்பங்கு பிரேக்கர் இல்லாமலே நடக்கும்.

ஆகவே நெல்லிவாசல்நாடு போன்ற ஊராட்சியில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கிராம சபையில் அடுத்த இரண்டு வருடத்துக்கான மண் வேலைகளைப் பட்டியல் போட வேண்டும். எத்தனை மீட்டர் பள்ளம், எத்தனை குட்டை, எத்தனை குழி என்று எண்ணோடு எழுத வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் கருவி வாங்க வேண்டும். வாங்குவதும் தனி ஆள் பெயரில் வேண்டாம். மலைவாழ் மக்களின் கூட்டுறவு சங்கமோ, மகளிர் குழுக்களின் கூட்டமைப்போ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ வாங்கி மணி வாடகைக்கு விடலாம். வாடகை மையங்களுக்கு மானியம் தரும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15 முதல் இருக்கிறது. எந்தக் கருவி மானியப் பட்டியலில் வரும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும். விவசாய டிராக்டர் என்று பதிவான வண்டியை மண் வேலைக்கு வாடகைக்கு ஓட்டினால் பதிவும் காப்பீடும் செல்லுமா என்பதையும் கேட்க வேண்டும். விபத்து நடந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இயந்திரம் வந்தால் கூலி வேலை போய்விடுமே என்ற கவலையும் நியாயமானது. அதற்கும் பட்டியலே பதில். ஆழமான பள்ளம், கனமான கல் ஆகியவை இயந்திரத்துக்கு. வரப்பு அணைத்தல், கன்று நடுதல், குழாய் பதித்து மூடுதல் ஆகியவை கைகளுக்கு. முதுகு ஒடிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்து, நிதானம் வேண்டிய வேலையை மனிதர்களிடம் வைத்துக்கொள்வதில் யாருக்கும் இழப்பில்லை.

கடைக்காரர் எப்போதும் பெரிய கருவியைத்தான் முதலில் காட்டுவார். அது அவருடைய வியாபாரம். மலைக்காரர் கையில் வேலைப் பட்டியலும், பம்பின் லிட்டர் கணக்கும், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற எண்ணும் இருந்தால் போதும். ஒரு பேக்கோ, ஒரு ஒடுக்கமான பக்கெட், ஒரு ரிப்பர், ஒரு பல் இல்லாத பக்கெட், ஒரு தம்ப். நெல்லிவாசல்நாட்டுக்கு இப்போதைக்கு இவ்வளவே போதும். மிச்சப்படும் பணத்தில் குழாயே வாங்கிவிடலாம்!